கெடு தவறினால் இடம் போச்சு: ‘சார்ட் இட்’ ஆராய்ச்சிப் பயிற்சி, ஒரு மதிப்பீடு

காசநோய்ப் பிரிவில் வேலை பார்க்கும் இளம் மருத்துவர், நுண்ணுயிரியலாளர், புள்ளிவிவர உதவியாளர் என்று யாருடைய கணினியைத் திறந்தாலும் ‘ஸ்டடி ஃபைனல்’ என்றொரு கோப்புறை கிடக்கும். உள்ளே ‘ஃபைனல் 2’, ‘ஃபைனல் புதுசு’, பாதி நிரப்பிய எக்செல் தாள், எத்திக்ஸ் கமிட்டிக்குக் கொடுக்காமலே போன விண்ணப்பம். ஆய்வுமுறை தெரியாமல் நின்றவை இவற்றில் குறைவு. ‘என்ன ஆச்சு?’ என்று தேதி போட்டுக் கேட்க ஆளில்லாமல் நின்றவைதான் அதிகம். ‘சார்ட் இட்’ (SORT IT) எனப்படும் செயற்பாட்டு ஆராய்ச்சிப் பயிற்சி, அதாவது ஒரு சுகாதாரத் திட்டம் களத்தில் எப்படி ஓடுகிறது என்று ஆராயக் கற்றுத்தரும் பயிற்சி, கைவைப்பது சரியாக அந்த இடத்தில்.

2009-இல் பன்னாட்டுக் காசநோய் மற்றும் நுரையீரல் நோய் எதிர்ப்பு ஒன்றியமும் (துறைக்குள் எல்லாருக்கும் அது ‘யூனியன்’தான்) எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் சேர்ந்து தொடங்கிய பயிற்சி இது. பிறகு உலக சுகாதார நிறுவனத்தில் இயங்கும் டி.டி.ஆர். என்ற வெப்பமண்டல நோய் ஆராய்ச்சித் திட்டம் ஒருங்கிணைக்க ஆரம்பித்தது. இன்று எபோலா, மருந்துக்கு அடங்காத நுண்ணுயிர்கள் என்று பல தலைப்புகளில் நடந்தாலும் வேர் காசநோயில்தான். பாடத்திட்டத்தின் எடுத்துக்காட்டுகளிலும் சளிப் பதிவேட்டின் வாசனை போகவில்லை.

அமைப்பு எளிமையானது. முதல் பட்டறையில் ஆய்வுக் கேள்வியும் திட்டவரைவும். இரண்டாவதில் தரவை உள்ளிடவும் பகுப்பாய்வு செய்யவும் பயிற்சி. இவை இரண்டும் பல நேரம் அடுத்தடுத்தே நடந்துவிடும். பிறகு ஊருக்குத் திரும்பித் தரவு சேர்க்கச் சில மாத இடைவெளி. மூன்றாவது பட்டறையில் கட்டுரை எழுத வேண்டும். கண்டதை அதிகாரிகளுக்கும் மக்களுக்கும் புரியும்படி சொல்வதற்கென்று பின்னாளில் இன்னொரு பகுதியும் சேர்ந்தது. ஒரு சுற்றில் பொதுவாகப் பன்னிரண்டு பேர், மொத்தம் சுமார் ஓராண்டு. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு கெடு உண்டு. கெடுவுக்குள் ஒப்படைக்காதவருக்கு அடுத்த கட்டத்தில் நாற்காலி கிடையாது. கட்டுரைப் பட்டறை முடிந்த 4 வாரத்துக்குள், சக ஆய்வாளர் மதிப்பீடு உள்ள ஓர் இதழுக்குக் கட்டுரை போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். போய்ச் சேர்ந்தால்தான் தேர்ச்சி. வருகைப் பதிவுக்குச் சான்றிதழ் கொடுக்கும் பயிற்சிகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது முதலில் முரட்டுத்தனமாகப் படும். ஆனால் பயிற்சியின் பாதி விலை இந்த விதிக்குத்தான்.

முதல் பட்டறையில் பெரும்பாலான நேரம் கேள்வியைச் சுருக்குவதில் போகும். ‘எங்கள் மாவட்டத்தில் காசநோய் சிகிச்சை எப்படி இருக்கிறது?’ என்று வருபவர், ஐந்தாம் நாள் இப்படியொன்றோடு வெளியே போவார்: ‘ஓராண்டில் மாவட்டத்தின் சளிப் பரிசோதனை மையங்களிலும் மூலக்கூறு பரிசோதனை மையங்களிலும் காசநோய் உறுதியான 15 வயதுக்கு மேற்பட்டவர்களில், 14 நாளுக்குள் மருந்து தொடங்காதவர் எத்தனை சதவீதம், அவர்கள் யார்?’ பிறகு ஒவ்வொரு குறிக்கோளுக்கும் வெற்று அட்டவணை வரையச் சொல்வார்கள்: தலைப்பு, நெடுவரிசை, கிடைவரிசை எல்லாம் இருக்கும், எண் மட்டும் இருக்காது. இதைத் தாண்டிக் குதிக்கப் பார்ப்பவர்கள் உண்டு. குதித்தவர்தான் எட்டு மாதம் கழித்து, ‘தொழில்’ என்ற கேள்விக்கு 273 பேரின் பதிலை வைத்துக்கொண்டு அதை எந்த அட்டவணையில் போடுவது என்று விழிப்பார். வெற்று அட்டவணையில் இடமில்லாத மாறிக்குப் படிவத்திலும் இடமில்லை என்பது விதி.

மாதிரி அளவுக் கணக்கையும் கையாலேயே போட வைக்கிறார்கள். மருந்து தொடங்காமல் விடுபடுவோர் 20 சதவீதம் இருக்கலாம் என்று எடுத்துக்கொண்டு, 5 சதவீதப் புள்ளி துல்லியமும் 95 சதவீத நம்பகமும் வேண்டும் என்றால் 1.96-இன் வர்க்கம் பெருக்கல் 0.2 பெருக்கல் 0.8, அதை 0.05-இன் வர்க்கத்தால் வகுத்தால் 246 வரும். பத்தில் ஒரு பதிவு தேறாது என்று வைத்தால் 246-ஐ 0.9-ஆல் வகுக்க வேண்டும், விடை 274. பலர் 246-உடன் அதன் பத்து சதவீதத்தைக் கூட்டி 271 என்று நிறுத்துவார்கள். வித்தியாசம் மூன்றே பேர்தான். ஆனால் மதிப்பீட்டாளர் கண்ணில் படுவது அந்த மூன்று பேர்தான்.

இதே எடுத்துக்காட்டில் எங்கெங்கே சறுக்கும் என்று பார்த்தால் பயிற்சியின் மதிப்பு புரியும். 14 நாளை எங்கிருந்து எண்ணுவது? சளி கொடுத்த நாளா, முடிவு வந்த நாளா? இரண்டுக்கும் நடுவே ஒரு வாரம் போயிருந்தால் பாதிப் பேர் கட்சி மாறிவிடுவார்கள். ஆய்வகப் பதிவேட்டில் புதிதாகக் கண்டறியும் பரிசோதனையும், சிகிச்சையில் இருப்பவருக்குச் செய்யும் தொடர் பரிசோதனையும் ஒரே பக்கத்தில் இருக்கும். ‘பரிசோதனைக்கான காரணம்’ என்ற கட்டத்தைப் பார்க்காமல் எண்ணினால், மருந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பவரே ‘மருந்து தொடங்காதவர்’ பட்டியலில் ஏறிவிடுவார். மருத்துவக் கல்லூரி இருக்கும் ஊரில் பக்கத்து மாவட்டத்துக்காரர்களின் சளியும் வரும். அவர்கள் சொந்த ஊரில் மருந்து தொடங்கியிருப்பார்கள், இங்கே காணாமல் போனவராகக் கணக்காகியிருப்பார்கள். காசநோயாளிகளைப் பதிவு செய்யும் அரசின் நிக்ஷய் தளத்தில் அடையாள எண்ணைக் கொண்டு தேடாதவரை இந்தச் சதவீதத்தை நம்பக் கூடாது. மருந்து தொடங்கும் முன்பே இறந்தவர் இன்னொரு கூட்டம். அவர்களை ‘விடுபட்டோர்’ தலைப்பில் புதைக்காமல் தனி வரிசை கொடுத்துக் காட்ட வேண்டும்.

அடையாள எண் இல்லாத பழைய பதிவுகளைப் பெயர் வைத்து இணைக்கும் வேலை இருக்கிறதே, அது தனிக் கொடுமை. ‘ழ’ வரும் பெயரை ஆங்கிலத்தில் மூன்று பேர் மூன்று விதமாக எழுதியிருப்பார்கள். தகப்பன் பெயரின் முதலெழுத்து ஓரிடத்தில் முன்னால், ஓரிடத்தில் பின்னால். பெயர், வயது (இரண்டு ஆண்டு முன்பின்), கைப்பேசி எண், ஊர் ஆகிய நான்கில் எத்தனை பொருந்தினால் ஒரே ஆள் என்பதைத் தரவைத் தொடும் முன்பே எழுதி வைக்க வேண்டும். இணைத்துக்கொண்டே விதியை வளைத்தால், முடிவும் வளைந்துதான் வரும்.

தரவு உள்ளீட்டுக்கு எபிடேட்டா. டென்மார்க்கிலிருந்து வரும் இலவச மென்பொருள். பார்க்கப் பழசு, ஆனால் கழுத்தைப் பிடிக்கும் காவலாளி. அதன் 3.1 பதிப்பில் மூன்று கோப்புகள்: கேள்விகளை எழுதும் கியூ.இ.எஸ்., பதிவுகள் சேரும் ஆர்.இ.சி., எது செல்லும் எது செல்லாது என்று சொல்லும் சி.எச்.கே. மூன்றாவதில்தான் உயிர் இருக்கிறது. வயது 0 முதல் 110 வரை மட்டும், பாலினம் 1 அல்லது 2 மட்டும், ‘எச்.ஐ.வி. பரிசோதனை செய்யவில்லை’ என்றால் அடுத்த கேள்வியைத் தாண்டிப் போ, சிகிச்சைத் தேதி பரிசோதனைத் தேதிக்கு முந்தியிருந்தால் எச்சரி. இதெல்லாம் எக்செல் தாளில் தானாக வராது. அதில் 05/03 என்று அடித்தால் மார்ச்சா மே மாதமா என்பது அந்தக் கணினியின் அமைப்பைப் பொறுத்தது.

இரட்டை உள்ளீடு கட்டாயம் என்பதில் பயிற்றுநர்கள் விட்டுக்கொடுப்பதில்லை. முணுமுணுப்பு வரும்போது ஒரு கணக்கு உதவும். 274 பதிவு, பதிவுக்கு 25 புலம் என்றால் 6,850 புலங்கள். நூற்றுக்கு ஒன்றுதான் தப்பு என்றாலும் ஏறக்குறைய 68 பிழைகள். அவை எல்லாம் முடிவு மாறியில் (ஆய்வு தேடும் விடை இருக்கும் புலத்தில்) போய் விழுந்தால் ஆய்வு அம்பேல். இருவர் தனித்தனியாக உள்ளிட்டு, இரண்டு கோப்பையும் ஒப்பிட்டு, வேறுபாட்டை மூலப் பதிவேட்டைப் பார்த்துத் திருத்த வேண்டும். ஒரே ஆள் இரண்டு முறை அடிப்பது இரட்டை உள்ளீடு ஆகாது. தன் கையெழுத்தைத் தப்பாகப் படித்தவர் இரண்டாம் முறையும் அப்படியேதான் படிப்பார்.

பகுப்பாய்வில் திரும்பத் திரும்ப வரும் இரண்டு பிழைகளைப் பொது அமர்விலேயே எல்லார் முன்னாலும் பிரித்துக் காட்டுகிறார்கள். ஒன்று, ‘தெரியவில்லை’யை ‘இல்லை’யோடு சேர்த்துவிடுவது. நீரிழிவு நிலை பதிவாகாத 60 பேரை ‘நீரிழிவு இல்லாதோர்’ ஆக்கினால், அந்தப் பிரிவு செயற்கையாக வீங்கி ஒப்பீடு மழுங்கும். இன்னொன்று, வாய்ப்பு விகிதத்தை ஆபத்து விகிதம்போல எழுதுவது. ஒரு பிரிவில் 40 சதவீதம், இன்னொன்றில் 20 சதவீதம் விடுபட்டார்கள் என்றால் ஆபத்து இரண்டு மடங்கு. விடுபட்டோரை விடுபடாதோரால் வகுத்து ஒப்பிடும் வாய்ப்பு விகிதமோ அதே எண்களுக்கு 2.67. ‘விடுபடும் ஆபத்து 2.67 மடங்கு’ என்று சுருக்கத்தில் எழுதியவர்கள் அச்சான கட்டுரைகளிலேயே இருக்கிறார்கள். ஒரே கூட்டத்தாரைத் தொடர்ந்து பார்க்கும் கூட்டாய்வு (கோஹார்ட்) என்றால், முடிவு நிகழ்வு அரிதாக இல்லாதபோது, ஆபத்து விகிதத்தையே கணக்கிடுங்கள் என்பது இங்கே சரியாகச் சொல்லித் தரப்படுகிறது.

எழுத்துப் பட்டறை மூன்றிலும் சிறந்தது. ஒவ்வொருவருடைய பகுதியும் திரையில் ஏறும், வரிவரியாகப் பிய்க்கப்படும். முன்னுரையில் உலகக் காசநோய்ப் புள்ளிவிவரம் இரண்டு பக்கம் ஓடினால் வெட்டு. பிரச்சினை என்ன, இதுவரை தெரிந்தது என்ன, தெரியாததில் நாம் எதைத் தேடினோம், அவ்வளவுதான். முடிவுகள் பகுதியில் அட்டவணையில் இருப்பதை வாக்கியமாகத் திரும்பச் சொன்னாலும் வெட்டு. ஆய்வுக் கட்டுரையில் என்னென்ன இருக்க வேண்டும் என்று சொல்லும், 2007-இல் வெளியான ஸ்ட்ரோப் பட்டியலின் 22 அம்சங்களை ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, எது எந்தப் பத்தியில் இருக்கிறது என்று காட்ட வேண்டும். சேர்க்கப்பட்டவர் எத்தனை, விலக்கப்பட்டவர் எத்தனை, ஏன் என்பதற்கான எண்கள் பெரும்பாலும் அப்போதுதான் காணாமல் போயிருப்பது தெரியவரும்.

முதல் ஆசிரியர் பயிற்சி பெறுபவர்தான் என்பது தொடக்கத்திலேயே முடிவாகிவிடும். மற்ற பெயர்களையும் வரிசையோடு முதல் பட்டறையிலேயே எழுதி வாங்கிவிடுவது நல்லது. யாரை ஆசிரியர் எனலாம் என்று பன்னாட்டு மருத்துவ இதழாசிரியர் குழு சொல்லும் நான்கு நிபந்தனைகளையும் கடைசி வாரத்தில் துறைத் தலைவர் முன் வைத்துப் பேசும் தைரியம் எந்த இளையவருக்கும் வராது.

வழிகாட்டிகளைப் பற்றி. சிறு குழுக்களாகப் பிரித்து ஒவ்வொரு குழுவுக்கும் ஆள் ஒதுக்குகிறார்கள். முந்தைய சுற்றில் தேறியவர்களே அடுத்த சுற்றில் துணை வழிகாட்டியாக வருவதும் உண்டு. அவர்களிடம்தான் உபயோகமான யோசனை அதிகம் கிடைக்கும். மாவட்டக் காசநோய் அலுவலகத்தில் எந்த அலமாரியில் எந்தப் பதிவேடு தூங்குகிறது என்று அவர்களுக்குத் தெரியும். பட்டறை நாட்களில் வழிகாட்டல் அபாரம். நடுவே வரும் மாதங்களில் அது ஆளைப் பொறுத்தது. மின்னஞ்சலுக்கு இரண்டே நாளில் பதில் தருபவரும் உண்டு, பயணத்திலேயே இருப்பவரும் உண்டு. இதைச் சமாளிக்க ஒரு வழி: ஒவ்வொரு முறையும் ஒரே கோப்பு, பெயரில் தேதி, மின்னஞ்சலில் எண் போட்ட மூன்று கேள்விகள். ‘பார்த்துச் சொல்லுங்கள் சார்’ என்று அனுப்பினால், ‘நல்லாயிருக்கு’ என்று பதில் வரும். அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

கெடுவைத் தவறவிடுபவர்களில் பலர் சோம்பேறிகள் இல்லை. எத்திக்ஸ் கமிட்டியிடம் சிக்கியவர்கள். வழக்கமான சிகிச்சைப் பதிவேடுகளை, பெயர் நீக்கிப் பயன்படுத்தும் ஆய்வுக்குத் தனித்தனி ஒப்புதல் பெறுவதிலிருந்து விலக்கு கேட்க, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகளில் இடமிருக்கிறது. ஆனால் விலக்கைக் குழுதான் தர வேண்டும். ஆய்வாளர் தானே எடுத்துக்கொள்ள முடியாது. உள்ளூர்க் குழு, பயிற்சி நடத்தும் அமைப்பின் குழு என்று இரண்டு ஒப்புதல் வேண்டியிருக்கும்போது, ஒன்று கேட்கும் திருத்தம் இன்னொன்றுக்கும் திரும்பிப் போக வேண்டும். உள்ளூர்க் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் கூடும் என்றால் கணக்கே வேறு. மாநிலக் காசநோய் அலுவலரின் தரவு அனுமதிக் கடிதம் இதிலிருந்து தனி. ஒன்று இருந்தால் மற்றது தேவையில்லை என்று நினைத்துத்தான் பலர் ஒரு பருவத்தை இழக்கிறார்கள்.

குறைகளுக்கு வருவோம். ஓராண்டுக்குள் கட்டுரை என்ற நிபந்தனை, ஓராண்டுக்குள் முடியும் கேள்விகளையே வளர்க்கிறது. ஏற்கெனவே இருக்கும் பதிவேடு, எண்ணிக்கை ஆய்வு, பாதுகாப்பான முடிவு. 1956-இல் சென்னையில் காசநோய் வேதிசிகிச்சை மையம் தொடங்கியபோது அதன் முதல் கேள்வியும் செயற்பாட்டுக் கேள்விதான்: சானடோரியம் என்ற காசநோய் விடுதியில் படுக்க வைக்காமல் வீட்டிலேயே ஐசோநியசிட், பி.ஏ.எஸ். என்ற இரண்டு மருந்தையும் ஓராண்டு கொடுத்தால் போதுமா? 193 நோயாளிகள், சீட்டுக் குலுக்கல்போல இரு பிரிவு, முடிவு 1959-இல். வீட்டில் உடனிருந்தவர்களுக்குத் தொற்று கூடுகிறதா என்று ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். உலகமே சானடோரியங்களை மூடத் தொடங்கியதில் அந்த ஆய்வுக்குப் பெரும் பங்குண்டு. இன்றைய சார்ட் இட் படிவத்தில் அதை எழுதிக் கொடுத்தால், ‘காலவரம்புக்குள் முடியாது’ என்று முதல் நாளே திருப்பியிருப்பார்கள். பயிற்சிக்கு இது பொருந்தும் நிபந்தனைதான். ஆனால் ஆராய்ச்சி என்றாலே இந்த அளவுதான் என்று இளையவர்கள் பழகிவிடும் ஆபத்து மெய்யானது.

கட்டுரை அச்சானதை வெற்றி என்று எண்ணும் அளவுக்கு, மாவட்டத்தில் என்ன மாறியது என்பதை யாரும் எண்ணுவதில்லை என்பது அடுத்த குறை. நான்காவதாகச் சேர்த்த பகுதி இதைச் சரிசெய்யும் முயற்சி. ஒரு பக்கச் சுருக்கம், லிஃப்டில் மேலதிகாரியோடு ஏறினால் இறங்குவதற்குள் சொல்லிமுடிக்கும் பேச்சு என்று பயிற்சி தருகிறார்கள். நல்லதுதான், ஆனால் காகிதம் கொள்கையாவது அங்கே முடிவதில்லை. தமிழ்நாட்டின் ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ எப்படி இயங்குகிறது என்று பார்த்தால் வித்தியாசம் தெரியும். 2022-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில், நோய் உறுதியானதும் செவிலியரே உடல் நிறைக் குறியீடு, கால் வீக்கம், மூச்சு வேகம், ஆக்சிஜன் அளவு, துணையின்றி நிற்க முடிகிறதா என்பவற்றைப் பார்க்கிறார். குறியீடு 14-க்கு மேல் போகாதவர், மூச்சு நிமிடத்துக்கு 24-ஐத் தாண்டுபவர், ஆக்சிஜன் 94-க்குக் கீழே இருப்பவர் எல்லாம் மருத்துவமனை மதிப்பீட்டுக்கு அனுப்பப்படுகிறார்கள். தேசியத் தொற்றுநோயியல் நிறுவனமும் மாநிலக் காசநோய்ப் பிரிவும் சேர்ந்து, ஒவ்வொரு மையமும் எத்தனை பேரை மதிப்பிட்டது, எத்தனை பேரைச் சேர்த்தது என்று விடாமல் பார்த்ததால்தான் அது நடைமுறையாக நிலைத்தது. இந்த ‘விடாமல் பார்ப்பது’ எந்தப் பட்டறையிலும் பாடமாக இல்லை.

ஆய்வக ஆராய்ச்சியாளர்களுக்கு இந்தப் பயிற்சி கிட்டத்தட்ட உதவாது. அவர்களுக்கு வேண்டிய வழிகாட்டல் வேறு வகை. பக்கத்தில் நின்று கையைப் பார்ப்பவர் வேண்டும். ஓர் எடுத்துக்காட்டு போதும். சளியைச் சுத்திகரிக்கும் சோடியம் ஹைட்ராக்சைடு, சளியோடு கலந்தபின் சுமார் 1 சதவீதமாக இருக்க வேண்டும். 15 முதல் 20 நிமிடம். நேரம் கூடினால் மற்ற கிருமிகளோடு காசநோய்க் கிருமியும் சாகும். ஆகவே சளியிலிருந்து கிருமியை வளர்க்கும்போது மாசு விகிதம் (வேறு கிருமி வளர்வது) சுழி என்று புதியவர் பெருமையாகக் காட்டினால் அனுபவசாலி முகம் சுளிப்பார். திட ஊடகத்தில் 3–5 சதவீதம், திரவ ஊடகத்தில் 8–10 சதவீதம் வரை மாசு இருப்பது இயல்பு. அதற்கு மிகவும் கீழே போனால் கிருமியையே கொல்கிறோம் என்று சந்தேகப்பட வேண்டும். இதைப் புள்ளிவிவரப் பட்டறையில் உட்கார்ந்து கற்க முடியாது. இப்படிப்பட்டவர்கள் சேத்துப்பட்டில் இருக்கும் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் போன்ற, மற்ற ஆய்வகங்களுக்கு அளவுகோலாக இருக்கும் ‘ரெஃபரன்ஸ்’ ஆய்வகங்களின் நேரடிப் பயிற்சியைத் தேடுவதே மேல்.

அடிப்படை மட்டும் போதும் என்பவர்களுக்கு, தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் ஸ்வயம் தளத்தில் நடத்தும் உயிர்மருத்துவ ஆராய்ச்சி அடிப்படைப் பாடம் இருக்கிறது. மருத்துவ மேற்படிப்பு மாணவர்கள் எப்படியும் எழுத வேண்டியதுதான். பாடம் தெளிவு. ஆனால் அதில் நம் திட்டவரைவைத் திருத்தித் தர யாரும் வரமாட்டார்கள். அதை முடித்துவிட்டு சார்ட் இட்டுக்கு வந்தால் முதல் இரண்டு நாள் திணறாமல் இருக்கலாம்.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். எல்லாம் ஆங்கிலம். கள அனுபவம் நிறைந்த சிகிச்சை மேற்பார்வையாளர், எழுத்து வராததால் விண்ணப்பிக்கவே தயங்குகிறார். நல்ல கேள்விகள் அவரிடம்தான் இருக்கின்றன. அவரை இணை ஆசிரியராகச் சேர்த்துக்கொண்டு வருபவர்கள் புத்திசாலிகள்.

ஐந்துக்கு எவ்வளவு என்று கேட்டால்: காசநோய்த் திட்டத்தில் வேலையில் இருப்பவர், கையில் பதிவேடு உள்ளவர், இன்னும் ஒரு கட்டுரைகூட வெளியிடாதவர் என்றால் நாலரை. மேற்படிப்பு மாணவருக்கு மூன்றரை, அதுவும் ஆய்வேட்டுத் தலைப்பும் இதுவும் ஒன்றாக இருந்தால் மட்டும். ஆய்வக ஆராய்ச்சியாளருக்கு ஒன்றரை.

விண்ணப்பத்தை எடுத்து எழுதும் முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. பயன்படுத்தப்போகும் பதிவேட்டை நேரில் போய்ப் பாருங்கள். நடுவிலிருந்து 20 வரிசையை எடுத்து, உங்களுக்கு வேண்டிய மாறிகள் ஒவ்வொன்றும் எத்தனை வரிசையில் நிரம்பியிருக்கிறது என்று எண்ணுங்கள். முடிவு மாறி 18-க்குக் கீழே இருந்தால் கேள்வியை மாற்றுங்கள். எடை, முகவரி, எச்.ஐ.வி. நிலை போன்றவை 15-க்குக் கீழே இருந்தால் அவற்றை விட்டுவிடுங்கள். பிறகு எத்திக்ஸ் கமிட்டி அடுத்து எப்போது கூடுகிறது என்று அதன் செயலரிடம் கேட்டு, அந்தத் தேதியை விண்ணப்பத்தின் கால அட்டவணையில் முதல் வரியாக எழுதுங்கள்.